தரவுத்தளத்தின் பாக்கிக் கணக்கு

தரவுத்தளங்களைப் பராமரிப்பவர்களிடம் வரும் புகார்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். நேற்றுவரை கண்மூடித் திறப்பதற்குள் வந்த அறிக்கை இன்று பத்து நிமிடமாகியும் வரவில்லை என்பது முதல் வகை. டேபிளில் பாதியை அழித்தாயிற்று, டிஸ்க்கில் இடம் மட்டும் கூடவேயில்லை என்பது அடுத்தது. மின்சாரம் போய்வந்த பிறகு சர்வர் எழுந்துவிட்டது, ஆனால் அரை மணி நேரமாக யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறது என்பது இன்னொன்று. கையேடுகளில் இவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள். பெரிய நிறுவனங்களில் தனித்தனி ஆட்களே உண்டு. வேகத்தைக் கவனிப்பவர் குவெரியைத் திருத்துவார், இடத்தைக் கவனிப்பவர் கூடுதல் டிஸ்க் கேட்பார், மீட்பைக் கவனிப்பவர் பேக்கப் அட்டவணையைப் புரட்டுவார். நிர்வாக வசதிக்கு இந்தப் பாகுபாடு உதவலாம். கோளாறின் வேரைப் பிடிக்க உதவாது என்பது என் வாதம். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் என்று எதை எடுத்துக்கொண்டாலும், ரிலேஷனல் தரவுத்தளம் வேகமாக ஓடுவது வேலையைத் தள்ளிப்போடுவதால்தான். அந்த நொடியில் செய்தே தீரவேண்டியதை மட்டும் செய்துவிட்டு, மிச்சத்தைப் பாக்கி வைத்துக்கொள்கிறது. பாக்கி ஒழுங்காகத் தீர்ந்துகொண்டிருக்கும்வரை நமக்கு எதுவும் தெரிவதில்லை. தீர்வது எங்கோ தடைப்பட்டால், அது எந்த இடத்தில் தேங்குகிறது என்பதைப் பொறுத்து மந்தமாகவோ, டிஸ்க் நிறைவாகவோ, மீட்க முடியாத நிலையாகவோ வெளியே தெரிகிறது.

தள்ளிப்போட வேண்டிய அவசியம் டிஸ்க்கின் இயற்பியலிலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. ஒரு கணக்கிலிருந்து பணத்தை எடுத்து இன்னொன்றில் போடும் சாதாரண டிரான்சாக்‌ஷனைப் பாருங்கள். இரண்டு கணக்குகளின் வரிகள், பரிமாற்றத்தைப் பதியும் புதிய வரி, அதற்கான இண்டெக்ஸ் பதிவுகள் என்று டிஸ்க்கின் வெவ்வேறு மூலைகளில் ஐந்தாறு பக்கங்கள் மாறுகின்றன. போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் 8 கிலோபைட். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் எழுதி முடித்த பிறகே ‘கமிட்’ என்று பதில் சொல்வதாக இருந்தால், டிஸ்க்கின் முனை அங்குமிங்கும் அலைவதிலேயே நேரம் கரைந்துவிடும். நொடிக்கு இருபது பரிமாற்றம் தேறினால் அதிகம். வேகமாவது போகட்டும், மூன்றாவது பக்கத்தை எழுதும்போது மின்சாரம் நின்றால் ஒரு கணக்கில் பணம் குறைந்திருக்கும், மற்றதில் ஏறியிருக்காது.

கடைக்கணக்கில் இதற்கு விடை எப்போதோ இருந்தது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சிட்டையில் குறித்துவிட்டு, பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவதை ஓய்ந்த நேரத்துக்கு வைத்துக்கொள்வார்கள். தரவுத்தளம் செய்வதும் அச்சு அசலாக அதையேதான். மாறிய பக்கங்களை மெமரியிலேயே விட்டுவிடுகிறது. என்ன மாறியது என்ற விவரத்தை மட்டும் ‘லாக்’ என்ற பதிவுக் கோப்பின் கடைசியில் சேர்த்து, அது டிஸ்க்கில் இறங்கியதும் கமிட் என்று சொல்லிவிடுகிறது. லாகின் கடைசியில் எழுதிக்கொண்டே போவதால் முனை அலையத் தேவையில்லை. ஒரே நேரத்தில் வந்த பத்துப் பேரின் கமிட்டுகளை ஒரே எழுத்தில் முடித்துவிடவும் முடிகிறது. பக்கங்களைப் பேரேட்டில் ஏற்றும் வேலைதான் முதல் பாக்கி. மெமரியில் இருக்கும் பக்கம் டிஸ்க்குக்குப் போகும் முன் அதன் லாக் பதிவு டிஸ்க்கில் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் மீறக்கூடாத விதி.

இந்த ஏற்பாட்டை வலுவான கோட்பாடாக வளர்த்ததில் ஐபிஎம்மின் கலிபோர்னியா ஆய்வுக்கூடங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எட்கர் காட் 1970இல் ரிலேஷனல் மாதிரியை முன்வைத்தபோது அதில் லாக் பற்றிப் பேச்சில்லை. அது தரவை எப்படிப் பார்ப்பது என்ற கணிதம். அதை ஓடும் மென்பொருளாக்கிய சிஸ்டம் ஆர் குழுவிலிருந்த ஜிம் கிரே, டிரான்சாக்‌ஷன் பற்றிய ஆய்வுகளுக்காக 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்றார். சென்னை ஐஐடியில் படித்துவிட்டு ஐபிஎம்முக்குப் போன சி. மோகன், சக ஆய்வாளர்கள் நால்வரோடு சேர்ந்து 1992இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறை, இன்றும் பல தரவுத்தளங்களின் மீட்புப் பகுதிக்கு அடிப்படை. சர்வர் விழுந்து எழுந்ததும் லாகை ஒருமுறை படித்து நிலவரத்தைத் தெரிந்துகொள்வது, பிறகு நடந்தது அத்தனையையும் வரிசையாகத் திரும்பச் செய்வது, கடைசியில் கமிட் ஆகாதவற்றைப் பின்னோக்கிப் போய் அழிப்பது என்று அது மூன்று நடையாகப் போகிறது. நடுவில் இருப்பதுதான் வியப்பு: எப்படியும் அழிக்கப்போகும் அரைகுறை டிரான்சாக்‌ஷன்களையும் விடாமல் திரும்பச் செய்கிறது. விழுந்த நொடியில் இருந்த நிலையை அப்படியே மீட்டெடுத்துவிட்டு அங்கிருந்து பின்வாங்குவதுதான் பிழையில்லாத வழி என்பது மோகன் குழுவினரின் கண்டுபிடிப்பு. போஸ்ட்கிரெஸில் மூன்றாவது நடைக்கு வேலையில்லை. காரணத்தைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். ஆக, எழுந்த சர்வர் அரை மணி நேரம் கதவைத் திறக்காமல் இருப்பது பழுது அல்ல. பாக்கி வைத்த ஏற்றுவேலையை மொத்தமாக உட்கார்ந்து முடிக்கிறது, அவ்வளவுதான்.

பாக்கி எவ்வளவு சேரலாம் என்பதைத் தீர்மானிப்பது செக்பாயின்ட். மெமரியில் மாறிக் கிடக்கும் பக்கங்களையெல்லாம் டிஸ்க்கில் எழுதி, ‘இதுவரை நேர்’ என்று கோடு போடும் வேலை அது. போஸ்ட்கிரெஸின் இயல்பான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும், அல்லது சேர்ந்த லாக் ஒரு ஜிகாபைட்டை நெருங்கினால் முன்னதாகவே நடக்கும். எழுத்து மிகுந்த சர்வரில் செக்பாயின்ட் ஓடும்போதெல்லாம் குவெரிகள் திணறுகின்றன என்று யாராவது இந்த இடைவெளியை அரை மணியாக்குவார்கள். திணறல் குறையும். கூடவே, டிஸ்க்கில் வைத்திருக்க வேண்டிய லாகின் அளவு ஏறும். விழுந்து எழும்போது திரும்பச் செய்யவேண்டியதும் ஏறும். அப்படியானால் மீட்பு சட்டென்று முடிய ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வைத்தால் என்ன? அதுவும் வினையாகும். பக்கம் பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் போனால் அதைச் சரிசெய்ய முழுப் பக்கமும் தேவை என்பதால், ஒவ்வொரு செக்பாயின்டுக்குப் பிறகும் ஒரு பக்கத்தை முதன்முறை தொடும்போது அதன் 8 கிலோபைட்டும் லாகில் எழுதப்படுகிறது. அடிக்கடி செக்பாயின்ட் வைத்தால் லாக் ஊதும், எழுத்து மந்தமாகும், நகல் சர்வரான ரெப்ளிகாவுக்கு அனுப்பும் சுமையும் கூடும். ஒரே எண்ணைத் திருகினால் வேகம், இடம், மீட்பு மூன்றும் சேர்ந்து அசைகின்றன. மூன்றையும் மூன்று துறையாகப் பிரித்து வைத்தவர்கள் இந்த எண்ணை யாரிடம் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.

இரண்டாவது பாக்கி, அழிக்கும் வேலை. பலரைக் குழப்புவது இதுதான். போஸ்ட்கிரெஸில் டெலீட் கட்டளை எதையும் அழிப்பதில்லை. அந்த வரியின் தலைப்பில் ‘இன்ன எண்ணுள்ள டிரான்சாக்‌ஷன் இதை நீக்கியது’ என்று ஒரு குறிப்பு போடுகிறது. அப்டேட் என்பது பழைய வரியில் அந்தக் குறிப்பைப் போட்டுவிட்டு, திருத்திய வரியைப் புதிதாக எழுதுவது. படிப்பவர் எழுதுபவருக்காகவும், எழுதுபவர் படிப்பவருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாத வசதி இதிலிருந்து கிடைக்கிறது. காலையில் தொடங்கிய அறிக்கைக்குக் காலை நிலவரம் வேண்டும், இப்போது வந்தவருக்கு இப்போதைய நிலவரம் வேண்டும். இரண்டு பதிப்பும் டேபிளிலேயே இருக்கின்றன. ஏரீஸின் மூன்றாவது நடை தேவைப்படாததற்கும் இதுவே காரணம்: பழையது இருந்த இடத்திலேயே இருக்கும்போது பின்னோக்கிப் போய் மீட்க என்ன இருக்கிறது? யாருக்கும் வேண்டாமற்போன பதிப்புகளைப் பிறகு வந்து கூட்டிப் பெருக்குவது வேக்யூம் என்ற பின்னணி வேலை. இயல்பான அமைப்பில், டேபிளின் வரிகளில் ஐந்தில் ஒரு பங்கு செத்த பிறகே தானியங்கி வேக்யூம் எட்டிப்பார்க்கும். பத்து கோடி வரி உள்ள டேபிளென்றால் இரண்டு கோடி செத்த வரிகள் சேரும்வரை அது வராது. வந்த பிறகும், காலியான இடத்தை அதே டேபிளின் புது வரிகளுக்கு ஒதுக்குமே தவிர, கோப்பின் வால்பகுதி முழுதாகக் காலியாக இருந்தாலொழிய டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. பாதியை அழித்தும் இடம் கூடாத மர்மம் இவ்வளவுதான். கோப்பை உண்மையிலேயே சுருக்க வேக்யூம் ஃபுல் என்று ஒன்று உண்டு. அது டேபிளை முழுதாகப் பூட்டிவிட்டு, பக்கத்தில் புதுப் பிரதி ஒன்றை எழுதும். டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று அதை ஓட்டுபவருக்குப் பிரதி எழுதவும் இடம் இருக்காது.

வேக்யூம் ஓடியும் செத்த வரிகள் குறையவில்லை என்ற நிலை இன்னும் சுவாரசியமானது. ஒரு பழைய பதிப்பை அகற்ற வேண்டுமென்றால், அதைப் பார்க்க உரிமையுள்ள டிரான்சாக்‌ஷன் ஒன்றுகூட உயிரோடு இருக்கக்கூடாது. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற காட்சியைத் திறந்து, டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரப்படி வரிசைப்படுத்திப் பார்த்தால், உச்சியில் காலை 9 மணிக்குத் தொடங்கிய இணைப்பு ஒன்று நிற்கும். குவெரி எதுவும் ஓடாது. ‘டிரான்சாக்‌ஷனுக்குள் சும்மா இருக்கிறது’ என்று நிலை காட்டும். செயலியில் யாரோ தொடங்கிவிட்டு கமிட் பண்ண மறந்த ஒன்று. குப்பை சேரும் டேபிளில் அது ஒரு வரியைக்கூடத் தொட்டிருக்க வேண்டியதில்லை. ஒன்பது மணிக்குப் பிறகு அந்தத் தரவுத்தளத்தின் எந்த டேபிளில் செத்த வரியாக இருந்தாலும், அந்த ஒரு இணைப்புக்காகக் குப்பையாகவே கிடக்கும். ஆர்டர் டேபிளில் தேடல் மந்தமாகிறது என்று புகார் வரும், அதற்குப் பொறுப்பு சம்பளப் பட்டியலைத் திறந்து வைத்துவிட்டுப் போன இணைப்பாக இருக்கும். குவெரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கைக்கு இது எப்படி அகப்படும்?

இதன் முற்றிய நிலை டிரான்சாக்‌ஷன் எண் தீர்ந்துபோவது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு எழுத்து டிரான்சாக்‌ஷனுக்கும் 32 பிட் எண் ஒன்றைத் தருகிறது. மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்; அதில் பாதி கடந்தகாலம், பாதி எதிர்காலம் என்று வட்டமாகக் கணக்கு வைக்கிறது. எனவே 214 கோடிக்கும் மேல் பழையதான வரி, திடீரென்று எதிர்காலத்தில் எழுதப்பட்டதுபோல் தோன்றி மறைந்துவிடும். அப்படி ஆகாமல் பழைய வரிகளில் ‘இது என்றைக்கும் பழையது’ என்று முத்திரை குத்துவதும் வேக்யூமின் பொறுப்பு. ஒரு டேபிள் 20 கோடி டிரான்சாக்‌ஷன் வயதை எட்டினால், தானியங்கி வேக்யூமை நிறுத்தி வைத்திருந்தாலும் அது கட்டாயமாக ஓடத் தொடங்கும். எழுத்தின் வேகத்துக்கு அதுவும் ஈடுகொடுக்காமல் போனால், கடைசியில் ஏறத்தாழ முப்பது லட்சம் எண்களே மிஞ்சியிருக்கும்போது தரவுத்தளம் புது எண் தர மறுத்துவிடும். பிழைகளைக் கண்காணிக்கும் சென்ட்ரி சேவை 2015 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, அமெரிக்க வேலைநேரத்தின் பெரும்பகுதி இப்படி நின்றுபோனது. மெயில்சிம்ப் நிறுவனத்தின் மாண்ட்ரில் மின்னஞ்சல் சேவையில், பிரித்து வைத்திருந்த தரவுத்தளங்களில் ஒன்று 2019 பிப்ரவரியில் இதே நிலையை எட்டி, சேவை ஒன்றரை நாளுக்கும் மேல் முடங்கியது. இரண்டு இடத்திலும் டிஸ்க் பழுதாகவில்லை, குவெரி தவறாகவில்லை. பெருக்கும் வேலை எழுதும் வேலைக்குப் பின்தங்கியது, அவ்வளவே. எண்ணை 64 பிட்டாக்கிவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். எண் தீராது. குப்பை அப்படியேதான் சேரும்.

தானியங்கி வேக்யூம் பகல்நேரத்தில் டிஸ்க்கைத் தின்கிறது, எனவே அதை அணைத்துவிடுகிறோம் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் அறிகுறி உண்மை: அது ஓடும்போது மற்றவை மந்தமாகலாம். ஆனால் அது டிஸ்க்கைத் தின்பது அத்தனை பாக்கி சேர்ந்துவிட்டதால்தான். ஐந்தில் ஒரு பங்கு என்பதை நூறில் ஒன்றாகக் குறைத்து, அடிக்கடி வந்து கொஞ்சமாகப் பெருக்கச் சொன்னால் உபத்திரவம் குறையும். பெரிய டேபிள்களுக்கு மட்டும் தனியாக இப்படி அமைக்க வழி இருக்கிறது.

மூன்றாவது பாக்கி எண்ணிப் பார்க்கும் வேலை. இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரு குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று பிளானர் முடிவெடுப்பது டேபிளை நேரில் பார்த்தல்ல, எப்போதோ எடுத்த மாதிரிக் கணிப்பைப் பார்த்து. இயல்பாக ஒரு டேபிளுக்கு 30,000 வரிகளை எடுத்துப் பார்க்கிறது. ‘நிலுவை’ என்ற நிலை நேற்றுவரை எந்த வரியிலும் இல்லை, நேற்றிரவு நாலு லட்சம் வரிகள் அந்த நிலையில் ஏறின, கணிப்பு இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்றால், எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் என்ற கட்டளை காட்டும் திட்டத்தில் ஒரே வரியில் இரண்டு எண்கள் நிற்கும்: எதிர்பார்த்தது 1, கிடைத்தது 4,00,000. ஒரே ஒரு வரிக்குத்தானே என்று, இன்னொரு டேபிளில் ஒவ்வொன்றாகப் போய்த் தேடும் வழியைப் பிளானர் எடுத்திருக்கும். நாலு லட்சம் முறை போய்வந்தால் பத்து நிமிடம் ஆகாமல் என்ன செய்யும்? இண்டெக்ஸ் சேர்ப்பதற்கு முன், குவெரியை மாற்றி எழுதுவதற்கு முன், கணிப்பைப் புதுப்பிக்கும் அனலைஸ் கடைசியாக எப்போது ஓடியது என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும்: இதெல்லாம் போஸ்ட்கிரெஸின் குறை, அதைப் பொது விதியாக்கலாமா? ஆரக்கிளும் மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியும் வரியை இருந்த இடத்திலேயே திருத்துகின்றன, பழைய பதிப்பை அன்டூ என்ற தனியிடத்துக்கு நகர்த்துகின்றன. டேபிள் ஊதுவதில்லை என்பது நிஜமான நன்மை, மறுக்கமாட்டேன். ஆனால் பாக்கி ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆரக்கிளில் நீண்ட அறிக்கை ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அதற்கு வேண்டிய பழைய பதிப்பின் மேல் வேறு எழுத்து ஏறிவிட்டால், 1555 என்ற பெயர்பெற்ற பிழையோடு அறிக்கை நடுவழியில் செத்துவிடும். இன்னோடிபியில் அதே மறந்துபோன டிரான்சாக்‌ஷன் அன்டூ சங்கிலியை நீட்டிக்கொண்டே போகும், படிப்பவர்கள் அதன் வழியே பின்னோக்கி நடந்து நடந்து மந்தமாவார்கள். இன்னொரு வேறுபாடு நடைமுறையில் கையைச் சுடும். ஆறு மணி நேரமாக ஓடும் பெரிய அப்டேட்டைப் போஸ்ட்கிரெஸில் நிறுத்தினால் அக்கணமே முடிந்துவிடும், குப்பை மட்டும் மிஞ்சும். இன்னோடிபியில் நிறுத்தினால் செய்ததையெல்லாம் திருப்பிப் போடும் வேலை மணிக்கணக்கில் நீளலாம். பொறுமையிழந்து சர்வரை மறுதொடக்கம் செய்தாலும், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து அதே வேலையைத் தொடரும். எஸ்கியூஎல் சர்வரில் முழு மீட்பு முறையைத் தேர்ந்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால், லாக் கோப்பு டிஸ்க் நிறையும்வரை வளர்ந்து, 9002 என்ற பிழையோடு எழுத்தையெல்லாம் நிறுத்தும். வேகமான என்விஎம்ஈ டிஸ்க்கும் கூடுதல் மெமரியும் வாங்கிவிட்டால் தீராதா என்பவர்களுக்குப் பாதி ‘ஆம்’ சொல்லலாம். மெமரிக்குள் அடங்கிவிடும் சிறிய தரவுத்தளத்தை ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்காமலே ஓட்டலாம். வளர்ந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு வன்பொருள் அவகாசம் தருகிறது. ஒன்பது மணிக்குத் திறந்த டிரான்சாக்‌ஷனை மூடித் தருவதில்லை. கிளவுட் சேவைகளும் அப்படித்தான். பேக்கப், மாற்று சர்வருக்குத் தாவுவது போன்றவற்றை மனிதரைவிட ஒழுங்காகச் செய்கின்றன. நம் செயலி தொங்கவிட்ட இணைப்பு நம்முடையதாகவே இருக்கிறது.

டிஸ்க் நிறையும்போது மனிதர்கள் செய்யும் காரியம் பாக்கிக் கணக்கை இன்னும் சிக்கலாக்கும். போஸ்ட்கிரெஸில் லாக் கோப்புகள் 16 மெகாபைட் துண்டுகளாக இருக்கும். ரெப்ளிகா படித்து முடிக்கும்வரை அவற்றை வைத்திரு என்று முதன்மைச் சர்வரிடம் சொல்லிவைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்லாட் என்று பெயர். ரெப்ளிகாவை எடுத்துவிட்டு ஸ்லாட்டை விட்டுவிட்டால், வராத ஆளுக்காக முதன்மைச் சர்வர் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். இதற்கு வரம்பு வைக்கும் வசதி 2020இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. இயல்பில் அதுவும் வரம்பில்லாமலே இருக்கிறது. டிஸ்க் நிறைந்த நள்ளிரவில் எதை அழிக்கலாம் என்று தேடுபவர் கண்ணில், ‘லாக்’ என்று முடியும் பெயருள்ள அடைவு பல ஜிகாபைட்டோடு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? வழக்கமான பிழைப்பதிவுகள் என்று நினைத்து அழித்தவர்கள் பலர். அதன் பிறகு அந்தத் தரவுத்தளம் எழாது. பேரேட்டில் ஏறாத வரவுகள் சிட்டையோடு போய்விட்டன. பிஜி_எக்ஸ்லாக் என்றிருந்த அந்த அடைவுக்கு 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பிஜி_வால் என்று பெயர் மாற்றியதற்கு இந்த விபத்துகளே காரணம். செய்யவேண்டியதோ எளிது: யாருக்காகத் துண்டுகள் நிற்கின்றன என்று பார்த்து, அநாதை ஸ்லாட்டை நீக்கினால், அடுத்த செக்பாயின்டுக்குப் பிறகு தரவுத்தளமே அவற்றை அகற்றிவிடும்.

தள்ளிப்போடுவது தரவுத்தளத்தோடு நிற்பதில்லை என்பதை 2018இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்கள் கசப்போடு உணர்ந்தார்கள். தரவுத்தளம் கோப்பில் எழுதியதை இயங்குதளம் தன் மெமரியில் வைத்துக்கொள்கிறது. தனக்கு வசதியான நேரத்தில் டிஸ்க்கில் இறக்கும்; எஃப்சிங்க் என்று கேட்டால் உடனே இறக்கியாக வேண்டும். எஃப்சிங்க் தோல்வி என்று சொன்னால், அடுத்த செக்பாயின்டில் மறுபடி கேட்டு வெற்றி வந்தால் எல்லாம் இறங்கிவிட்டது என்று பொருள்: ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போஸ்ட்கிரெஸ் இதை நம்பியிருந்தது. லினக்ஸ் கெர்னல் அப்படி நடந்துகொள்ளவில்லை. தோல்வியை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுதப்படாத பக்கத்தை எழுதியாயிற்று என்றே குறித்துக்கொண்டது. இரண்டாம் முறை கேட்டபோது எழுத எதுவும் மிச்சமில்லை, ஆகவே வெற்றி. செக்பாயின்டும் முடிந்தது, அந்தப் பக்கத்தை மீட்க உதவியிருக்கும் லாகும் அகற்றப்பட்டது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றே விழுந்து, கடைசிச் செக்பாயின்டிலிருந்து லாகைத் திரும்ப ஓட்டுகிறது. எழுத்து முடிந்ததா என்ற சந்தேகம் வந்துவிட்டால், விழுவதே பத்திரம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது.

மூன்று வகைக் கோளாறுகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதற்கு, பொதுவெளியில் முழுமையாக எழுதிவைக்கப்பட்ட சாட்சியம், மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் ஜிட்லேப் நிறுவனத்துடையது. 2017 ஜனவரி 31 மாலை, குப்பைப் பதிவுகளை ஏற்றுபவர்களாலும், ஒரு பயனர் கணக்கை அதன் தரவுகளோடு நீக்கும் பின்னணி வேலையாலும், அவர்களது போஸ்ட்கிரெஸ் சர்வரின் எழுத்துச் சுமை எகிறியது. அதுவரை வேகப் பிரச்சினை. ரெப்ளிகா பின்தங்கியது, அது படித்து முடிப்பதற்குள் முதன்மைச் சர்வர் லாக் துண்டுகளை அகற்றிவிட்டது, வேறெங்கும் அவை சேமிக்கப்படவும் இல்லை. இப்போது அது இடப் பிரச்சினை. ரெப்ளிகாவை வெறுமையாக்கி, முதன்மையிலிருந்து முழுப் பிரதி எடுப்பதைத் தவிர வழியில்லை. அதற்கான பிஜி_பேஸ்பேக்கப் கருவி முதலில் இணைப்பு வரம்புகளைக் காரணம் காட்டி மறுத்தது. 8000 என்றிருந்த இணைப்பு எண்ணிக்கையை 2000 ஆக்கிய பிறகு மறுக்கவில்லை, ஆனால் எதுவும் சொல்லாமல் உறைந்தாற்போல் நின்றது. முதன்மைச் சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அது அமைதியாகக் காத்திருக்கும் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. முந்தைய முயற்சிகளின் மிச்சக் கோப்புகள்தான் தடுக்கின்றன என்று எண்ணிய பொறியாளர் தரவு அடைவை அழித்தார். அழித்தது ரெப்ளிகாவில் அல்ல, முதன்மைச் சர்வரில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மிஞ்சியிருந்தது.

அந்தப் பொறியாளரின் கைத்தவறுதான் காரணம் என்று கதையை முடித்துவிடுவது எளிது. கை தவறாத மனிதர் இல்லை, அதற்குத்தான் பேக்கப். அங்கே பேக்கப் ஏற்பாடு ஒன்றுக்குப் பலவாக இருந்தது. தினமும் ஓடிய பிஜி_டம்ப் பேக்கப், 9.6 பதிப்புச் சர்வருக்கு எதிராக 9.2 பதிப்புக் கருவியை இயக்கித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள், அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் சோதனையில் தேறாமல் தள்ளுபடியாகின. அந்த பேக்கப் போய்ச் சேரவேண்டிய அமேசான் எஸ்3 சேமிப்பகத்தைத் திறந்தால் காலி. அஸ்யூர் கிளவுடின் டிஸ்க் பிரதிகள் மற்ற சர்வர்களுக்கு இருந்தன, தரவுத்தளச் சர்வர்களுக்கு இல்லை. எடுத்த பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்க்கும் வேலை தள்ளிப்போடப்பட்டிருந்தது. இந்தப் பாக்கி மற்றவற்றிலிருந்து ஒரு விதத்தில் வேறுபட்டது: வேக்யூம் பின்தங்கினால் மந்தம் காட்டிக்கொடுக்கும், ஸ்லாட் தேங்கினால் டிஸ்க் காட்டிக்கொடுக்கும், சரிபார்க்காத பேக்கப் எந்த அறிகுறியும் தராது. கண்காணிப்புத் திரையில் ‘கடைசி பேக்கப் எப்போது’ என்று காட்டுபவர்கள் ‘கடைசியாக வெற்றிகரமாக ரீஸ்டோர் செய்தது எப்போது, எத்தனை மணி நேரம் ஆயிற்று’ என்று காட்டினால் அந்த இடம் பயன்படும்.

ஜிட்லேபைக் காப்பாற்றியது பேக்கப் என்ற பெயரில் இல்லாத ஒன்று. விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காக ஒரு பொறியாளர் கையால் எடுத்து வைத்த எல்விஎம் டிஸ்க் பிரதி அது. அதற்குப் பிந்தைய ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5000 புராஜெக்டுகள், 5000 பின்னூட்டங்கள், 700 புதிய பயனர் கணக்குகள் போய்விட்டன. கிட் களஞ்சியங்களில் இருந்த நிரல்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. அந்தப் பிரதி இருந்தது சோதனைச் சர்வரில். செலவைக் குறைக்க அங்கே மெதுவான டிஸ்க்குகளைப் போட்டிருந்தார்கள். எனவே மீட்புப் பிரச்சினை மறுபடி வேகப் பிரச்சினையானது: தரவை முதன்மைச் சர்வருக்கு நகலெடுத்து முடிக்கவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது.